14 மாட்யூல், 22 நிமிஷ பில்ட்: மாத்த வேண்டியது மேவனையா, ஜென்கின்ஸையா?

பாளை_பில்லிங் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சின்ன ஆபீஸ், ஆறு டெவலப்பர். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் ஃப்ரேம்வொர்க், பில்ட் டூலான மேவனில் 14 மாட்யூல். முன்பக்கம் ஆங்குலர். கோட் கிட்ஹப் பிரைவேட் ரிப்போவில் இருக்கிறது. புஷ் வந்ததும் பில்டைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர் ஜென்கின்ஸ். அது ஓடுவது பழைய ஐ5 டெஸ்க்டாப்பில்: 4 கோர், 8 ஜிபி ராம், சாதா ஹார்ட் டிஸ்க், உபுண்டு. டெவலப்பர் மெஷின் எல்லாம் விண்டோஸ்.

ஒரு புஷ்ஷுக்கு பில்ட், டெஸ்ட், ஆங்குலர் எல்லாம் சேர்த்து 22 நிமிஷம். ஜாப்பில் இருப்பது 'எம்விஎன் கிளீன் இன்ஸ்டால்', பிறகு 'என்பிஎம் சிஐ', பிறகு ஆங்குலர் பில்ட். நாளுக்குப் பத்து புஷ் வந்தாலே மத்தியானத்துக்கு மேல் வரிசை கட்டி நிற்கிறது. ப்ராட்பேண்டில் தனி ஐபி கிடையாது, புஷ் வந்ததும் கிட்ஹப் அனுப்பும் வெப்ஹூக் அறிவிப்பு உள்ளே வராது. அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜென்கின்ஸே போய்க் கேட்கும் போலிங்.

ஆபீஸில் ஒரு கட்சி மேவனை விட்டு கிரேடில் என்ற பில்ட் டூலுக்கு மாறினால் பாதி நேரம் என்கிறது. இன்னொரு கட்சி ஜென்கின்ஸைத் தூக்கிப்போட்டு கிட்ஹப்பின் சொந்த சிஐ-யான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போகலாம் என்கிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி பேசல் என்று இன்னொரு பில்ட் டூலைச் சொல்கிறார். இதே அளவு ப்ராஜெக்டை நடத்துகிறவர்கள் எதை முதலில் தொடுவீர்கள்? கரண்ட் போகும் நாட்களில் ஜென்கின்ஸ் படுத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


அம்பை_கல்பாலம் எழுதியது:

பில்ட் டூலும் சிஐ-யும் வேற வேற வேலை. கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ் பண்ணுவது மேவன். எப்போ, எங்கே, எந்த மெஷினில் அதை ஓட்டணும்னு பார்ப்பது ஜென்கின்ஸ். 22 நிமிஷத்தில் எது எவ்வளவு தின்னுதுன்னு பார்க்காம ரெண்டில் ஒண்ணை மாத்துவது, தலைமடையில் அடைப்பு இருக்கும்போது கடைமடையில் வாய்க்கால் வெட்டுற வேலை.

அளக்க எந்தப் புது டூலும் வேண்டாம். ஜென்கின்ஸில் டைம்ஸ்டாம்பர் ப்ளகின் போடுங்க, லாகில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் விழும். மேவன் தானாகவே கடைசியில் ரியாக்டர் சம்மரி என்று ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஆன நேரத்தை அச்சடிக்கும். அதில் டவுன்லோடு, கம்பைல், டெஸ்ட், ஆங்குலர் என்று நாலு கூறாகப் பிரிச்சு எழுதிக்கோங்க. இந்த அளவு ஸ்பிரிங் ப்ராஜெக்டில் கம்பைல் பெரிய பங்கா இருப்பது அபூர்வம். டெஸ்டும் என்பிஎம்மும்தான் தின்னும்.

டெஸ்டில் முதலில் பார்க்க வேண்டியது, லாகில் ஸ்பிரிங் பேனர் (ஸ்பிரிங் எழும்போது அச்சாகும் பெயர்) எத்தனை தடவை வருது என்பது. ஸ்பிரிங் டெஸ்ட் ஒரே மாதிரி கான்ஃபிகரேஷன் உள்ள டெஸ்ட்களுக்கு ஒரே கான்டெக்ஸ்டை, அதாவது எழுப்பி வச்ச ஆப் சூழலை, திரும்பப் பயன்படுத்தும். அந்த கேஷில் இயல்பாக 32 கான்டெக்ஸ்ட் வரை நிற்கும். ஆனால் ஒரு கிளாஸில் ஒரு மாக்பீன் (டெஸ்டுக்கான போலி ஆப்ஜெக்ட்), இன்னொன்றில் வேற மாக்பீன், மூணாவதில் ஒரு ப்ராப்பர்ட்டி மாற்றம் என்று இருந்தால் ஒவ்வொண்ணும் தனி கான்டெக்ஸ்ட். அந்த டெஸ்க்டாப்பில் ஒரு கான்டெக்ஸ்ட் எழுந்திரிக்க 15 விநாடி ஆகும்னு வைங்க, 30 பேனர் இருந்தா ஏழரை நிமிஷம் அங்கேயே போச்சு. மாக்பீன்களை எல்லாம் ஒரு பொது பேஸ் கிளாஸில் கொண்டுவந்து வையுங்க. கான்டெக்ஸ்டைத் தூக்கிப்போடச் சொல்லும் 'டர்ட்டீஸ்கான்டெக்ஸ்ட்' எங்கெங்கே இருக்குன்னு தேடி, எதுக்குப் போட்டாங்கன்னு கேளுங்க. பாதி இடத்தில் டேட்டாபேஸைச் சுத்தம் பண்ணத்தான் போட்டிருப்பாங்க. அதுக்கு டிரான்சாக்ஷன் ரோல்பேக் போதும்.

மேவனில் டெஸ்டை ஓட்டும் ப்ளகின் ஷ்யூர்ஃபயர், அதன் அமைப்பையும் பாருங்க. ரீயூஸ்ஃபோர்க்ஸ் ஃபால்ஸ் என்று யாராவது போட்டிருந்தா ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸுக்கும் புது ஜேவிஎம். கான்டெக்ஸ்ட் கேஷ் ஜேவிஎம்முக்குள்ளே இருப்பதால் அத்தனையும் வீண்.

அடுத்து பேரலல். மேவன் சொல்லாத வரைக்கும் மாட்யூல்களை ஒண்ணன் பின் ஒண்ணாத்தான் ஓட்டும். 'மைனஸ் டி 1சி' கொடுத்தா கோருக்கு ஒரு த்ரெட். ஆனா 14-ஐ நாலால் வகுத்த வேகம் வராது. எல்லா மாட்யூலும் 'காமன்' என்கிற ஒண்ணைச் சார்ந்திருந்தால், அது முடியும் வரை மத்ததெல்லாம் கைகட்டி நிக்கும். காமனுக்குள்ளே நேரம் தின்னும் டெஸ்ட்களைத் தனி மாட்யூலாகப் பிரிச்சு வெளியே தள்ளினாலே வித்தியாசம் தெரியும். பேரலலாக ஓட்டியதும் முதலில் உடையுறது 8080 மாதிரி நிலையான போர்ட் வச்ச டெஸ்ட்கள். போர்ட்டை 0 என்று கொடுங்க, காலியானதை அதுவே எடுத்துக்கும். ஒரே டெஸ்ட் டேட்டாபேஸ் பெயரை ரெண்டு மாட்யூல் பகிர்ந்தாலும் அடிதடிதான்.

'இன்ஸ்டால்' வேண்டாம், 'வெரிஃபை' போடுங்க. இன்ஸ்டால் போட்டா உங்க மாட்யூல் ஜார்கள், மேவன் இறக்கிய ஜார்களை வைக்கும் எம்2 ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அடுத்து வேற பிராஞ்சில் ஒரு மாட்யூலை மட்டும் பில்ட் பண்ணும்போது, முந்தின பிராஞ்சின் காமன் ஜாரை எடுத்து கம்பைல் ஆகிடும். பில்ட் பச்சை, ஆனா கோட் தப்பு. இதைக் கண்டுபிடிப்பதுக்குள் உயிர் போயிடும்.

என்பிஎம் பக்கம் இரண்டு விஷயம். 'என்பிஎம் சிஐ' ஒவ்வொரு முறையும் நோட் மாட்யூல்ஸை அழிச்சிட்டுப் புதுசா இறக்கும். ஆயிரக்கணக்கான பொடி ஃபைல், ஹார்ட் டிஸ்க் திணறும். எஸ்எஸ்டி போடுவது இந்த ஒரு காரணத்துக்கே தகும். இன்னொண்ணு, ஆங்குலர் 13-லிருந்து டிஸ்க் கேஷ் உண்டு. ஆனால் சிஐ என்கிற என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தா அது தானாக அணைஞ்சிடும், ஏன்னா இயல்பு அமைப்பு 'லோக்கல்'. ஆங்குலர் ஜேசனில் கேஷ் என்விரான்மென்டை 'ஆல்' என்று மாத்தினால்தான் சர்வரிலும் வேலை செய்யும்.


கங்கைகொண்டான்_ஜி எழுதியது:

கிரேடில் பக்கம் நின்று பேசுகிறேன், ஆனாலும் அம்பை அண்ணாச்சி சொன்ன வரிசைதான் சரி. பேனரை எண்ணாமல் கிரேடிலுக்கு வந்தால் அதே 30 கான்டெக்ஸ்ட் இங்கேயும் எழும்.

கிரேடில் உண்மையிலேயே ஜெயிப்பது ஒரு இடத்தில்: எது மாறவில்லையோ அதைத் தொடாமல் விடுவதில். மேவன் ஃபைலின் நேரத்தைப் பார்த்து, ஏதாவது மாறியிருந்தால் மாட்யூல் மொத்தத்தையும் கம்பைல் பண்ணும். கிரேடில் ஒவ்வொரு டாஸ்க்கின் உள்ளீட்டையும் ஹாஷ் (கைரேகை மாதிரி ஓர் எண்) பண்ணி வைத்துக்கொண்டு, அதே ஹாஷ் வந்தால் பழைய வெளியீட்டை பில்ட் கேஷிலிருந்து எடுத்துக் கொடுக்கும். டெஸ்டுக்கும் இது பொருந்தும். ஜிஎஸ்டி மாட்யூலில் மட்டும் கை வைத்தால், ஸ்டாக் மாட்யூல் டெஸ்ட்கள் ஓடவே ஓடாது. காமனில் ஒரு மெதடின் உடம்பை மட்டும் மாற்றும்போது அதைச் சார்ந்தவை மறுபடி கம்பைல் ஆகாது. டெஸ்ட் மட்டும் ஓடும்.

ஆனால் இந்தக் கேஷ் உடைவது ரொம்ப எளிது. ஸ்பிரிங் பூட்டின் பில்ட்இன்ஃபோ ஒவ்வொரு முறையும் அப்போதைய நேரத்தை ஒரு ப்ராப்பர்ட்டி ஃபைலில் எழுதும். அது கிளாஸ்பாத்தில் இருப்பதால் அந்த மாட்யூலின் டெஸ்டுக்கு ஒவ்வொரு முறையும் உள்ளீடு 'மாறிவிட்டது'. அந்த நேரத்தை எக்ஸ்க்ளூட் பண்ணுங்கள். கமிட் ஐடியை மேனிஃபெஸ்டில் எழுதுவதும் இதே கதைதான், ரிலீஸ் பில்டில் மட்டும் எழுதினால் போதும்.

மாறும்போது சத்தமே இல்லாமல் கடிப்பது வெர்ஷன் தேர்வு. ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் வந்து மோதினால் மேவன் மரத்தில் கிட்டத்தில் இருப்பதை எடுக்கும். கிரேடில் இருப்பதிலேயே உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். ஆகவே 'கிரேடில் இனிட்' போட்டு, மேவனின் பில்ட் விவரம் உள்ள பாம் ஃபைலை மாற்றிய உடனே கம்பைல் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். மேவனில் 'டிபென்டன்சி ட்ரீ', கிரேடிலில் 'டிபென்டன்சீஸ்' இரண்டையும் ஃபைலில் எடுத்து, ரன்டைம் கிளாஸ்பாத்தில் உள்ள ஜார் பெயர்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்த பிறகே மெர்ஜ்.

விண்டோஸிலிருந்து கமிட் பண்ணுகிற குழுவுக்கு இன்னும் மூன்று பள்ளம். கிரேடிலைத் தானே இறக்கி ஓட்டும் ராப்பரின் ஜார் ரிப்போவில் இருக்க வேண்டும். கிட்இக்னோரில் ஜார் எல்லாவற்றையும் தள்ளியிருந்தால் அது போகவே போகாது, சர்வரில் 'கிரேடில்ராப்பர்மெயின் கிளாஸ் கிடைக்கவில்லை' என்று நிற்கும். இரண்டாவது, 'கிரேடில்டபிள்யூ' ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் அனுமதி விண்டோஸிலிருந்து வராது. லினக்ஸில் 'பெர்மிஷன் டினைடு', எக்ஸிட் கோடு 126. கிட்டில் 'அப்டேட் இன்டெக்ஸ்' கமாண்டோடு சேஞ்ச்மோட் பிளஸ் எக்ஸ் ஒருமுறை கொடுத்து கமிட் பண்ணினால் தீர்ந்தது. மூன்றாவது, வரி முடிவு சிஆர்எல்எஃப் ஆகப் போனால் ஷெல் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று திட்டும். கிட்ஆட்ரிபியூட்ஸில் அந்த ஃபைலுக்கு எல்எஃப் என்று கட்டுங்கள். மேவன் ராப்பர் ஸ்கிரிப்டுக்கும் கடைசி இரண்டும் பொருந்தும்.

ராம் கணக்கும் பாருங்கள். பின்னணியில் ஓடும் கிரேடில் டீமனுக்கு இயல்பான ஹீப் (ஜாவா எடுக்கும் ராம்) 512 எம்பி, அது இந்த ப்ராஜெக்டுக்குப் பத்தாது, எப்படியும் 1.5 அல்லது 2 ஜிபி ஆக்குவீர்கள். டெஸ்ட் வொர்க்கர் ஒவ்வொன்றும் தனி ஜேவிஎம். அதே மெஷினில் ஜென்கின்ஸ், டேட்டாபேஸ், ஆங்குலருக்கு நோட். 8 ஜிபியில் இது நெருக்கடி. ராம் தீர்ந்ததும் கெர்னல் யாரையாவது கொல்லும். லாகில் 'டீமன் காணாமல் போய்விட்டது' என்றோ எக்ஸிட் கோடு 137 என்றோ வரும். 137 என்பது 128-உடன் 9, அதாவது கில் சிக்னல். 'டிமெசேஜ்' பார்த்தால் யார் செத்தார் என்று பெயரோடு இருக்கும். அதைப் பார்க்காமல் கிரேடிலைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பேசல் பற்றி ஒரு வரி: கூகுள் 2015-இல் திறந்துவிட்ட நல்ல டூல், பல மொழி கலந்த மாபெரும் ரிப்போவுக்கு. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பில்ட் ஃபைல் எழுதி, அதைப் பராமரிக்கவே ஓர் ஆள் வேண்டும். ஆறு பேர் ஆபீஸில் அந்த ஆள் யார்?


டவுன்_ஆர்ச் எழுதியது:

அண்ணாச்சிமாரு ரெண்டு பேரும் பில்டைப் பாத்துட்டாவ. நான் சிஐ பக்கம் சொல்லுதேன்.

மொதல்ல கணக்கைப் போடும். கிட்ஹப் ஃப்ரீ கணக்குல பிரைவேட் ரிப்போவுக்கு மாசம் 2000 நிமிஷம். 22 நிமிஷ பில்ட், நாளுக்குப் பத்து புஷ்ஷுன்னா 220 நிமிஷம். ஒம்பது நாளுல காலி. மாசத்துல மிச்ச நாளைக்கு என்ன செய்யப் போறீரு? அதுவும் ஒவ்வொரு ஜாபையும் மேல் நிமிஷத்துக்கு ரவுண்டு பண்ணுவான். ஒரு ஜாபை ஆறு துண்டாப் போட்டா, 20 விநாடி துண்டுக்கும் ஒரு நிமிஷம் போவும். கிட்ஹப் மாதிரியே இருக்குற கிட்லேப்ல ஃப்ரீயா 400 நிமிஷந்தான். ஆக பில்டைச் சுருக்காம வெளிய எங்க போனாலும் காசுதான்.

ரெண்டாவது, அங்க ஒவ்வொரு ஜாபும் புது மெஷின். எம்2 காலியா இருக்கும். கேஷ் ஸ்டெப் போட்டாத்தான் நேத்து எறக்குன ஜார் இன்னிக்குக் கெடைக்கும். பாம் ஃபைலுவளோட ஹாஷைக் கீயா வைக்கணும், அதோட ஒரு ரெஸ்டோர் கீயும் கொடுக்கணும். இல்லாட்டி ஒரு வெர்ஷன் மாறினாலும் மொத்தத்தையும் மறுபடி எறக்கும். ஏழு நாள் தொடாத கேஷ் தானாப் போயிரும், தீவாளி லீவு முடிஞ்சு வந்து மொத பில்ட் ஏன் இழுக்குதுன்னு முழிக்காதீரு.

உம்ம எடத்துக்குப் பொருந்துறது நடுவழி: கிட்ஹப் ஆக்ஷன்ஸ், ஆனா ஜாபை ஓட்டுற ரன்னர் உம்ம ஆபீஸ் மெஷின்லயே. ரன்னர் தானா வெளிய போய் கிட்ஹப்கிட்ட 'வேலை இருக்கா'ன்னு எச்டிடிபிஎஸ்ல கேட்டுக்கிட்டே இருக்கும். உள்ள வர ஒருத்தருக்கும் வழி விடாண்டாம். தனி ஐபி இல்லாத பிரச்சினை அங்கயே தீந்துது, போலிங்கும் போச்சு. கிட்லேப் ரன்னரும் இதே மாதிரிதான். கரண்ட் இல்லாத நேரத்துல வந்த ஜாப் வரிசைல நிக்கும், 24 மணி நேரத்துக்குள்ள ரன்னர் எந்திரிச்சா ஓடிரும். பதினாலு நாளைக்கு மேல ரன்னர் தலைகாட்டலைன்னா பேரை எடுத்துருவான், மறுபடி பதியணும்.

பப்ளிக் ரிப்போவுக்கு இதைக் கட்டாதீரு. எவனோ அனுப்புற புல் ரிக்வெஸ்ட் உம்ம ஆபீஸ் மெஷின்ல கோடு ஓட்டும். இன்னொண்ணு, அடுத்தவன் எழுதுன ஆக்ஷனை 'வி4'ன்னு டேக் வச்சு எடுக்காம முழு கமிட் ஹாஷ் வச்சு எடும். 2025 மார்ச்சுல டிஜே ஆக்ஷன்ஸ் சேஞ்ச்டு ஃபைல்ஸுன்னு ரொம்பப் பேரு பயன்படுத்துன ஒண்ணுல, பழைய டேக் எல்லாத்தையும் கெட்ட கமிட்டுக்குத் திருப்பிட்டானுவ. ரகசியமெல்லாம் லாகுல கொட்டிச்சு. ஹாஷ் போட்டு வச்சிருந்தவன் தப்பிச்சான்.

ஜென்கின்ஸை வச்சுக்கிடலாம், சவம் ஒண்ணும் கெட்டுப் போகல. ஆனா வச்சுக்கிட்டா பாக்கணும். பழைய பில்டை அழிக்க பில்ட் டிஸ்கார்டர் போட்டிருக்கீரா? டிஸ்க்ல ஒரு ஜிபிக்குக் கீழ போனா அதுவே நோடை ஆஃப்லைன் ஆக்கிரும், ஜாப் எல்லாம் காரணம் தெரியாம நிக்கும். 2024 அக்டோபர்ல வந்த 2.479 எல்டிஎஸ்லேருந்து ஜென்கின்ஸை ஓட்ட குறைஞ்சது ஜாவா 17 வேணும். அது ஜென்கின்ஸ் ஓடுற ஜாவா, உம்ம ப்ராஜெக்ட் ஜாவா வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடாதீரு. பேக்கப் எடுக்கும்போது கிரெடென்ஷியல்ஸ் எக்ஸ்எம்எல்லை மட்டும் எடுத்தா ஒண்ணும் பிரயோசனமில்ல. சீக்ரெட்ஸ் ஃபோல்டர்ல மாஸ்டர் கீயும் ஹட்சன் யூட்டில் சீக்ரெட்டும் கூட வேணும். அது இல்லாம பாஸ்வேர்டு ஒண்ணையும் தொறக்க முடியாது.

கரண்ட் சங்கதிக்கு வாரேன். இன்வெர்ட்டர்ல போட்டிருந்தா அதுல யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்சு இருக்கும், அதைப் போடும். சாதா மோடுல மாறுற நேரம் ஜாஸ்தி, ஃபேன் தாங்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவும். ஜார் எறங்கிக்கிட்டிருக்கும்போது அப்படி ஆனா எம்2-ல பாதி ஜார் கெடக்கும். அடுத்த பில்ட்ல 'இன்வேலிட் எல்ஓசி ஹெடர்'னோ 'ஜிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்'னோ வரும். மொத்த எம்2-வையும் அழிக்காண்டாம், எரர்ல பேரு வந்த அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழிச்சா போதும். நெட் பாதியில போனா வேற மாதிரி: 'லாஸ்ட்அப்டேட்டட்'னு முடியுற பொடி ஃபைலை வச்சிட்டு, நெட் வந்த பொறவும் 'போன தடவை கெடைக்கல, மறுபடி தேட மாட்டேன்'னு மேவன் அடம்பிடிக்கும். மைனஸ் யூ கொடுத்தா தேடும்.

பழைய டெஸ்க்டாப்புல சிமாஸ் பேட்டரி செத்திருந்தா கரண்ட் வந்ததும் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போயிரும். அந்தத் தேதில எந்த எச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட்டும் செல்லாது, ஒரு ஜாரும் எறங்காது, 'பிகேஐஎக்ஸ்'னு எரர் வரும். மேவன் நேரம் பாத்து கம்பைல் பண்ணுறதால அதுவும் கொழம்பும். சிஆர்2032 பேட்டரி எந்த வாட்ச் கடையிலயும் கெடைக்கும். இதுக்குப் போய் சர்டிஃபிகேட் ஸ்டோரை எறக்கி ஏத்துத ஆளுவ உண்டு.


குற்றாலச்_சாரல் எழுதியது:

எந்த சிஐ-க்குப் போனாலும் பில்லிங் ப்ராஜெக்டில் டெஸ்ட் உடையப்போகிற மூன்று இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கண்டெய்னருக்குள் பில்டை மாற்றும் அன்றைக்கே இவை வரும்.

நேரம். கண்டெய்னரும் கிளவுட் மெஷினும் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அங்கே தேதி முந்தைய நாள். பகலில் பச்சையாக ஓடும் டெஸ்ட் இரவு 2 மணி நைட்லியில் மட்டும் சிவக்கும். ஏப்ரல் 1 இன்னும் மோசம்: நிதியாண்டு மாறி பில் நம்பர் வரிசை புதிதாகத் தொடங்க வேண்டிய டெஸ்ட், விடியும் வரை பழைய நிதியாண்டில் நிற்கும். ஷ்யூர்ஃபயரின் ஆர்க்லைனில் யூசர் டைம்ஸோனை ஏஷியா கொல்கத்தா என்று கொடுப்பது தற்காலிக வைத்தியம். கோடில் லோக்கல்டேட் நவ் என்று வெறுமனே அழைக்காமல் கிளாக் ஒன்றை உள்ளே கொடுத்து, டெஸ்டில் அதை நிறுத்திவைப்பதே சரி. ஷெட்யூல் போடும்போதும் கவனம். கிட்ஹப்பின் கிரான் இயல்பாக யூடிசி கணக்கு, நம் இரவு 2 மணிக்கு 20:30 என்று எழுத வேண்டும். ஜென்கின்ஸில் முதல் வரியாக டிஇசட் கொடுத்தால் நம் நேரத்திலேயே எழுதலாம்.

எழுத்து. ஜாவா 18 முதல்தான் இயல்பான என்கோடிங் யூடிஎஃப்-8. நீங்கள் 17. விண்டோஸில் அது பெரும்பாலும் 1252, லேங் அமைக்காத கண்டெய்னரில் வெறும் ஆஸ்கி. ஃபைல்ரீடரும் கெட்பைட்ஸும் என்கோடிங் சொல்லாமல் எழுதப்பட்டிருந்தால் 'கொத்தமல்லி' கேள்விக்குறி வரிசையாக வரும். பாமில் சோர்ஸ் என்கோடிங், டெஸ்ட் ஜேவிஎம்முக்கு ஃபைல் என்கோடிங், கண்டெய்னரில் லேங் சி யூடிஎஃப்-8, மூன்றும் வேண்டும்.

இதிலேயே இன்னொரு நுட்பம். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாக 0பிசிஏ என்றும் எழுதலாம், எகரக் குறி 0பிசி6, கால் 0பிபிஇ என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. அசர்ட்ஈக்வல்ஸ் மட்டும் விழும், அதுவும் 'எதிர்பார்த்தது கொத்தமல்லி, வந்தது கொத்தமல்லி' என்று. கடைக்காரர் வேறு வேறு கீபோர்டில் அடித்த பொருள் பெயர்கள் டேட்டாபேஸில் இரண்டு விதமாகவும் இருக்கும். உள்ளே வரும் இடத்திலேயே நார்மலைசரில் என்எஃப்சி, அதாவது ஒரே குறியாகச் சேர்த்த வடிவம், ஆக்கிவிடுங்கள். டெஸ்டுக்கு மட்டுமில்லை, பொருள் தேடலுக்கும் இது வேண்டும்.

ஃபான்ட். தெர்மல் பிரிண்டரில் தமிழை எழுத்தாக அனுப்ப முடியாமல் படமாகத்தானே அனுப்புவீர்கள்? 80 மிமீ ரோலுக்கு 203 டிபிஐயில் 576 புள்ளி அகலம். அந்தப் படத்தை வரையும் டெஸ்ட், ஸ்லிம் அல்லது அல்பைன் இமேஜில் ஃபான்ட்கான்ஃபிக் இல்லாவிட்டால் ஃபான்ட்கான்ஃபிகரேஷன் கிளாஸுக்குள் நல்பாயின்டரோடு விழும். ஃபான்ட்கான்ஃபிக் மட்டும் போட்டால் எரர் போய்விடும், ஆனால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். டெஸ்ட் படத்தின் அகலத்தை மட்டும் சரிபார்த்தால் பச்சையாகவே இருக்கும்! டெபியனில் லோஹித் தமிழ் ஃபான்ட் பேக்கேஜ் உண்டு. அதைவிட நல்லது, ப்ராஜெக்டுக்குள்ளேயே டிடிஎஃப் ஃபைலை வைத்து அதிலிருந்து ஏற்றுவது. அப்போது டெவலப்பர் மெஷின், சிஐ, கடை மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே அகலம். டெஸ்டில் ஃபான்டின் 'கேன்டிஸ்ப்ளேஅப்டு' மெதடைக் கேளுங்கள். மைனஸ் 1 வந்தால் எல்லா எழுத்தும் உண்டு.


பாளை_பில்லிங்:

ரொம்ப நன்றி. லாகைப் பார்த்துவிட்டேன். டெஸ்ட் 11 நிமிஷம், ஆங்குலர் பக்கம் 7, மற்றதெல்லாம் சேர்த்து 4. பேனர் 26. கிரேடில் பேச்சு இப்போதைக்கு ஆபீஸில் ஓய்ந்தது. ஒரு சந்தேகம்: அதே டெஸ்க்டாப்பில் ஜென்கின்ஸையும் கிட்ஹப் ரன்னரையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டலாமா? மைனஸ் டி போட்டதும் ஒரு மாட்யூல் டெஸ்ட் சில சமயம் மட்டும் விழுகிறது.


அம்பை_கல்பாலம்:

ஓட்டலாம், மூணு நிபந்தனை. ரன்னருக்குத் தனி லினக்ஸ் யூசர், ரூட் வேண்டாம், சர்வீஸா நிறுவுங்க. எம்2 ரெண்டுக்கும் தனித்தனி, ஏன்னா ரெண்டு மேவன் ஒரே நேரத்தில் ஒரே எம்2-வில் எழுதினா ஜார் கெடும் வாய்ப்பு உண்டு. ஜென்கின்ஸ் எக்ஸிக்யூட்டரை 1 ஆக்குங்க. 8 ஜிபியை வச்சுக்கிட்டு ரெண்டு பில்ட் ஒண்ணா ஓடினா 137 பார்ப்பீங்க. முடிஞ்சா இன்னொரு 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் முதலில், மத்தது பொறவு.

மாறும்போது ஜென்கின்ஸ்ஃபைலுக்குள்ளே இருக்கும் ஸ்டெப்களை அப்படியே ஆக்ஷன்ஸின் யாமல் ஃபைலுக்குப் பெயர்க்காதீங்க. ரிப்போவில் 'சிஐ டாட் எஸ்எச்' என்று ஒரே ஸ்கிரிப்ட், மேவனும் என்பிஎம்மும் அதற்குள்ளே. ஜென்கின்ஸும் ஆக்ஷன்ஸும் அதை மட்டும் கூப்பிடட்டும். நாளைக்கு கிட்லேபுக்குப் போனாலும் பத்து வரி யாமல்தான் மாறும், டெவலப்பரும் தன் மெஷினில் கிட் பாஷில் அதையே ஓட்டிப் பார்க்கலாம்.

சில சமயம் மட்டும் விழும் டெஸ்டுக்கு: 'மைனஸ் பிஎல்' கொடுத்து அந்த மாட்யூலை, கூடவே 'மைனஸ் ஏஎம்' கொடுத்து அது சார்ந்தவற்றை மட்டும், மைனஸ் டி இல்லாம இருபது தடவை ஓட்டுங்க. ஒருதடவையும் விழலைன்னா இன்னொரு மாட்யூலோடு எதையோ பகிருது: போர்ட், டேட்டாபேஸ், இல்லாட்டி டெம்ப் ஃபோல்டரில் நிலையான ஃபைல் பெயர். மூணாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.


டவுன்_ஆர்ச்:

பில் பிரிண்ட் மாட்யூலா அது? டெம்ப்ல 'பில் டாட் பிஎன்ஜி'ன்னு எழுதிக்கிட்டு இருக்கும், பாரும். ஜேயூனிட் 5-ல டெம்ப்டிர்னு அனோட்டேஷன் இருக்கு, டெஸ்டுக்கு ஒரு ஃபோல்டர் அதுவே கொடுத்து அதுவே அழிச்சிரும்.


பாளை_பில்லிங்:

பிரிண்ட் மாட்யூலேதான் அண்ணாச்சி. டெம்ப்பில் 'ரெசிப்ட் டாட் பிஎன்ஜி'. மாற்றிவிட்டு ஓட்டுகிறேன்.